துண்டு போட்ட இடம்

வெள்ளக்கரடு உழவர் சந்தையில் முப்பத்தோராம் மேடை மேல் மொக்கராசு போட்டுவிட்டுப் போன துண்டை ஒருவராலும் எடுக்க முடியவில்லை என்கிற விஷயம், ஐப்பசி அடைமழையில் ஆற்றுப்பாலம் முழுகி, தக்காளி விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய வாரத்தில்தான் ஊருக்குத் தெரியவந்தது. தெரியவந்தபோது தக்காளியைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெரிய துண்டு ஒன்றும் இல்லை. நீலக்கரை போட்ட ஈரிழைத் துண்டு, தோளில் கிடந்து கிடந்து நடுவில் நைந்தது, ஒரு மூலையில் வெற்றிலைக் கறை. அந்தச் சந்தையில் எந்த மேடையும் எவருக்கும் பட்டா இல்லை. விடியுமுன் வந்து யார் துண்டு போடுகிறாரோ, அன்றைக்கு அது அவர் மேடை. துண்டு போட்டவர் தராசு வாங்க ஆபீசுக்குப் போகலாம், பல் விளக்கப் போகலாம், டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பூராவும் படிக்கலாம், அந்த மேடையில் இன்னொருவர் ஒரு வெங்காயத்தை வைக்க மாட்டார். எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை மீறிய ஆள் என்று அந்தச் சந்தையின் இருபது வருஷத்தில் ஒருவரையும் சொல்ல முடியாது.

மொக்கராசு முதல் பஸ்ஸில் வந்து துண்டு போடுவான். அவன் பெண்டாட்டி ஒச்சம்மா தோட்டத்தில் காய் பறித்து, சொத்தை பார்த்து, சாக்குக் கட்டி ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவாள். அவன் இறக்கி வைப்பான், அவள் உட்கார்ந்து விற்பாள். பதினெட்டு வருஷம் இப்படியேதான் போயிற்று. அந்த ஐப்பசியில் ஒருநாள், விதைக்கென்று அவள் நூல் கட்டி விட்டிருந்த புடலங்காயை அவன் தெரியாமல் அறுத்துச் சாக்கில் போட்டுவிட்டான். புடலங்காய்தானே என்றான். அவள் சாமான்களை வீசவில்லை, அழவில்லை. "போ. போயி எடத்தப் போட்டு உக்காந்து கெட. எனக்காக எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கேன்னு பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆறு மணி பஸ் வந்து ஆரன் அடித்து நின்றபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைப் போகவிட்டாள்.

எட்டு மணி பஸ், பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதென்று சுற்றுவழியில் வந்தது. ஒன்பதரைக்கு அவள் சந்தைக்குள் சாக்கோடு நுழைந்தபோது முப்பத்தோராம் மேடையில் துண்டு இருந்தது, ஆள் இல்லை. பக்கத்து மேடையில் தேங்காய் விற்கிற தவசி சொன்னார்.

"ஆறு மணி பஸ்ஸுல நீ வரலன்னதும் நெல கொள்ளல தங்கச்சி அவனுக்கு. ஏழு மணி வாக்குல, பாலம் வரைக்கும் போயிப் பாத்துட்டு வர்றேன், துண்டப் பாத்துக்கங்கண்ணேன்னு போனான். வந்துருவான்."

ஒச்சம்மா அந்த மேடையில் உட்காரவில்லை. அவன் வந்து சாக்கை இறக்கி வைக்கட்டும் என்று தரையில் நின்றாள். மத்தியானம் சந்தை கலைகிறவரை நின்றாள்.

மூன்றாம் நாள் தவசி தேங்காய் அடுக்க இடம் போதாமல், துண்டைக் கொஞ்சம் நகர்த்தலாமென்று பிடித்திழுத்தார். வரவில்லை. சிமெண்டில் ஒட்டிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தார். ஒட்டவில்லை, ஓரம் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது, மூலையைத் தூக்கினால் தூக்க வந்தது, நகர்த்தினால் மட்டும் நகரவில்லை. லோடு இறக்குகிற நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். லாரியில் கயிறு கட்டி இழுத்ததில் கயிறு அறுந்தது. கடப்பாரை வைத்து நெம்பியதில் மேடை ஒரு சில்லு பெயர்ந்ததே தவிர துண்டு பெயரவில்லை. மழை பெய்தால் நனைந்தது, வெயிலடித்தால் காய்ந்தது, காக்கா எச்சமிட்டால் மற்ற துண்டைப் போலவே கறைபட்டது. தவசி தோளில் கிடந்த தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடம் போட்டுட்டுப் போயிருக்கான்ல. அதான்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அதற்குமேல் ஒரு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆற்றில் அன்றைக்கு என்ன வெள்ளம் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். பாலத்தடியில் இரண்டு மாடும் ஒரு தள்ளுவண்டியும் அடித்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தச் சந்தையிலேயே இருந்தார்கள். ஆனால் ஆள் போய்விட்டால் துண்டு எதற்கு இப்படிக் கிடக்கப் போகிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள், கேட்டது நியாயமாகப் பட்டது. சந்தை ஆபீசர் மட்டும் கொஞ்சம் திண்டாடினார். காலியான மேடைக்கும் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும், ஆளிருக்கிற மேடைக்கு என்ன விளைபொருள் என்று காட்ட வேண்டும். நாலு நாள் யோசித்து, 'மேடை 31: துண்டு, ஒன்று' என்று எழுதினார். மாவட்டத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் அதை வாசித்து, மேடைக்குப் போய் இழுத்துப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு வந்து, துண்டு என்பதை அடித்து 'ஆள் உள்ளார்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மொக்கராசின் அடையாள அட்டை பழைய போட்டோவோடு புதுப்பிக்கப்பட்டது.

ஒச்சம்மாவுக்குக் கழிப்பறைச் சுவரை ஒட்டிய ஐம்பத்தெட்டாம் மேடையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பூக்காரி தினமும் ஒரு முழம் கனகாம்பரத்தை அவள் கொண்டையில் தானே செருகிவிட்டாள், வேண்டாமென்றால் விடமாட்டாள். "வர்ற மனுசன் வெறுந்தலையப் பாக்கணுமாக்கும்" என்பாள். ஒரு வருஷம் கழித்துக் கொழுந்தன் வந்து, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் மதினி என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சடங்கு செய்து வைக்கிறவர் சந்தைக்கு வந்து துண்டைப் பார்த்துவிட்டு, எடம் போட்டு வச்சிருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணி விடுறது எப்பிடிப்பா என்று போய்விட்டார். இப்படி ஒச்சம்மா பூவோடும் பொட்டோடும், புருஷன் வருகிறான் வருகிறான் என்ற பேச்சோடும் நடந்தாள். சாயங்காலம் அந்தப் பூவைக் கழற்றும்போது செங்கல்லை இறக்கி வைத்த மாதிரி கழுத்து லேசாகும்.

பிறகு மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் கீரை விற்கிற சீனியம்மா. அவள் மகள் தங்கமாரி நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரோடு போய்விட்டாள். ஒருநாள் சீனியம்மா துண்டின் ஓரத்தில் தொங்குகிற நூலில் ஒன்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். "மொக்கராசு வர்றப்ப எம் புள்ளையும் கூட வரட்டும்" என்றாள். அதைப் பார்த்து, மலேசியாவுக்குப் போய் எட்டு வருஷமாய்க் கடுதாசி இல்லாத தம்பிக்காகத் தவசி ஒரு முடிச்சுப் போட்டார். வாழைக்காய்க்காரர் தன் அப்பாவுக்காகப் போட்டார், புத்தி சரியில்லாமல் ரயிலேறிப் போனவர். சந்தைக்குக் காய் வாங்க வந்தவர்கள் போட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து போட்டார்கள். இரண்டாவது தை பிறக்கும்போது நூல் தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் வந்தவர்கள் ஏற்கெனவே இருந்த முடிச்சின் மேலேயே முடிச்சுப் போட்டு, யாரென்று தெரியாத இன்னொரு ஆளின் வரவோடு தங்கள் ஆளின் வரவையும் சேர்த்துவிட்டுப் போனார்கள்.

மேடைகளை இடித்துப் புதிதாய்க் கட்ட உத்தரவு வந்தபோதுகூடத் துண்டு அசையவில்லை. மிஷின் வைத்து முப்பத்தோராம் மேடையை உடைத்தார்கள். செங்கல்லும் காரையும் கீழே சரிந்தன, துண்டு மட்டும் முழங்கால் உயரத்தில், அடியில் ஒன்றுமில்லாமல், விரித்தது விரித்தபடி அந்தரத்தில் நின்றது. கொத்தனார் கொஞ்ச நேரம் பீடி குடித்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, நல்ல மட்டமாத்தான் நிக்கிது என்று சொல்லி, அதன் அடியில் செங்கல் வைத்துக் கட்டி, அந்த மட்டத்துக்கே நூல் பிடித்து மற்ற மேடைகளையும் எழுப்பினார். வெள்ளக்கரடு சந்தையின் மேடைகள் மற்ற ஊர்ச் சந்தைகளைவிட நாலு விரல் உயரம் அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஊரும் அந்த மட்டத்துக்குத் தன்னைக் கட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த 'காணவில்லை' நோட்டீசுகள் மழையில் கிழிந்து தொங்கின, புதிதாக ஒட்ட ஆளில்லை. நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகையை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. தேடிப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. எங்கே போய்த் தேடுவது, முடிச்சுப் போட்டாச்சு, வந்துருவாக என்றார்கள். எல்லோருடைய முகத்திலும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முகத்தில் இருக்குமே, அந்த வெறிச்ச பார்வை குடிவந்தது.

ஒச்சம்மாவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். முதல் வருஷம் பங்குனியில், சந்தை கலைந்த ஒரு வெயில் மத்தியானம், முப்பத்தோராம் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தவள், துண்டு மேல் கிடந்த அவரைச் சருகைத் தட்டிவிடலாமென்று, வீட்டில் எடுக்கிற பழக்கத்தில், இரண்டு மூலையையும் பிடித்து உதறினாள். துண்டு கையோடு வந்துவிட்டது. லேசாக வந்தது; வெயில் குடித்து மொடமொடவென்று, அவன் வியர்வை வாடையோடு வந்தது. சுற்றிலும் பார்த்தாள், ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். அப்படியே, கறை இருந்த மூலை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகவே திரும்ப விரித்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில்தான் அது புரிந்தது. ஊரே தப்பாகக் காத்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிற ஆம்பளை தனக்காகவா போடுகிறான்? பின்னால் மூட்டையும் முடிச்சுமாக வருகிறவளுக்காகத்தானே போடுகிறான். இது மொக்கராசு வருகிறவரை கிடக்கிற துண்டில்லை. ஒச்சம்மா வருகிறவரை கிடக்கிற துண்டு. அவள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் அந்த மேடையில் போய் உட்காராத வரைக்கும் அந்தக் காலை முடியாது. அங்கே இன்னும் ஏழு மணிதான், அவன் இப்போதுதான் வாசல் தாண்டி இறங்கியிருக்கிறான், பாலத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உட்கார்ந்தாளோ, மணி ஓட ஆரம்பித்துவிடும்.

அன்றிலிருந்து அவள் அந்தத் துண்டைத் தொடவில்லை. யாராவது, நீ ஒருக்கா இழுத்துப் பாரேன் ஒச்சு என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போல இழுத்துவிட்டு, வரலக்கா என்பாள்.

மூன்றாவது வருஷம் ஆவணியில் சீனியம்மாவின் போன் அடித்தது. அவளுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அதனால் சுற்றி நாலு மேடைக்கும் கேட்டது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து தங்கமாரியின் பக்கத்துப் படுக்கைக்காரி பேசினாள். தங்கமாரிக்கு ரொம்ப முடியவில்லை, பக்கத்தில் ஆளில்லை, அம்மா அம்மா என்கிறது, உடனே புறப்பட்டு வாங்க.

"வந்துருவா" என்றாள் சீனியம்மா.

"என்னம்மா சொல்றீங்க? அவங்களுக்கு எந்திரிக்கவே முடியல."

"இல்லத்தா, வந்துருவா. முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். நான் பாட்டுக்கு அங்கிட்டுப் பொறப்பட்டு, அவ இங்கிட்டு வந்துட்டான்னா?"

போனை வைத்துவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அதானே, என்றார் தவசி. மூன்று முடிச்சுப் போட்டிருந்த பூக்காரியும், அதானே என்றாள். ஐம்பத்தெட்டாம் மேடையிலிருந்து தராசைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒச்சம்மா அந்தத் தலைகள் வரிசையாக ஆடியதைப் பார்த்தாள்.

மறுநாளும் போன் வந்தது. ஒச்சம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போயிட்டுத்தான் வாயேன்க்கா. கீரைய நான் பாத்துக்குறேன்" என்றாள்.

"நீ சொல்றியாக்கும்" என்று சிரித்தாள் சீனியம்மா. "உன்னையப் பாத்துத்தானடி நான் காத்துக் கெடக்கப் பழகுனேன். நீ மொதல்ல ஒன் புருசனத் தேடிப் போயிருக்கியா?"

ஒச்சம்மா எழுந்து வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. இந்த முறை அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "இன்னைக்கு வந்தாப் பாக்கலாம்மா. இன்னைக்கு வந்தா" என்று மட்டும் சொன்னாள். சீனியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து முப்பத்தோராம் மேடைக்குப் போய், தன் முடிச்சைக் கண்டுபிடித்து, அதை விரலால் இறுக்கினாள். இறுக்கிவிட்டு அங்கேயே நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஒச்சம்மா ஐம்பத்தெட்டிலிருந்து சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். முட்டைக்கோஸ்காரர் வழிவிட்டார், வாழைக்காய்க்காரர் வழிவிட்டார். அவள் எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அவள் போகப் போக ஒவ்வொரு மேடையாகத் தராசு நின்றது. முப்பத்தொன்றுக்கு வந்து சாக்கை இறக்கினாள். சீனியம்மாவின் தலையை மெதுவாக நகர்த்தினாள். இரண்டு மூலையையும் பிடித்துத் துண்டை எடுத்தாள். தூசி போக இரண்டு உதறு உதறி, நான்காக மடித்து, முடிச்சுகளோடு மடியில் செருகிக்கொண்டு, மேடை மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்" என்றாள். "எட்டு மணி பஸ்ஸுக்கு வந்தேன். லேட்டாப் போச்சு."

யாரிடம் சொல்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. எங்கோ ஒரு எடைக்கல் தட்டிலிருந்து விழுந்து உருண்டது. துண்டு கிடந்த இடத்தில் சிமெண்டு அன்றைக்குப் பூசியது போல் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தவசிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஒனக்கு வரும்னு எப்ப இருந்து தெரியும் தங்கச்சி?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"தெரிஞ்சுமா எங்கள முடிச்சுப் போட விட்ட?"

சீனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெந்த கீரை மாதிரி சுருங்கிப்போயிருந்தது.

"அப்ப எம் புள்ள?"

"ஒம் புள்ளைக்கு இங்க யாரும் எடம் போடலக்கா. அது எனக்குப் போட்ட எடம்." ஒச்சம்மா சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டே பேசினாள், கை நிற்காமல் அவிழ்த்தது. "அந்த மனுசன் நான் வரலைன்னதும் குத்த வச்சுக் காத்துக் கெடக்கல. துண்டப் போட்டுட்டுத் தேடிப் போனாரு. தண்ணியில எறங்கித் தேடிப் போனாரு. கெளம்புக்கா. ஏழரைக்கு வண்டி இருக்கு."

"நீ நல்லா இருக்க மாட்ட" என்றாள் சீனியம்மா.

"சரிக்கா. கெளம்பு."

சீனியம்மா அவள் முகத்துக்கு நேராக மண்ணை வாரி இறைத்தாள். பிறகு கீரையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள், ஐம்பது வயசுக்கு மேல் ஆனவள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கோயம்புத்தூருக்கு ஆறு மணி நேரம். இன்னைக்கு என்றால் இன்னைக்கு எதுவரைக்கும் என்று போனில் பேசியவள் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் வாழைக்காய்க்காரர் தராசைக் கீழே வைத்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எந்த வண்டி போகும் என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார். பூக்காரி பூக்கூடையை மூடினாள். காய் வாங்க வந்தவர்களில் பலபேர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார்கள். தவசி தேங்காயெல்லாம் அடுக்கி முடித்தவர், அடுக்கியதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மலேசியாவுக்கு யாரப் போயிக் கேக்குறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். ஒருவரும் ஒச்சம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் சந்தை காலி. விலைப்பலகையில் அன்றைய விலை பாதி எழுதியபடி நின்றது. ஆபீசர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கடித்தபடி, மேடை மேடையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒச்சம்மாவிடம் ஒரு காய் விற்கவில்லை. கொண்டையிலிருந்த கனகாம்பரத்தைப் பிய்த்தெடுத்து மேடை ஓரத்தில் வைத்தாள். அவரையும் புடலையும் அப்படியே இருக்க, இறங்கி, ஆற்றுப்பக்கம் போகிற தெருவில் நடந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொஞ்சம் நின்றாள். மூன்று வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறியதில்லை. ஏறினாள்.

உள்ளே, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மீசை நரைத்த ரைட்டர் இட்லிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

"யாரைக் காணோம்?"

"வீட்டுக்காரரு. பேரு மொக்கராசு. வயசு நாப்பத்தேழு." சொல்லிவிட்டு யோசித்தாள். நாற்பத்தேழு என்பது அன்றைக்கு. மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"கடைசியா யாரு பாத்தது?"

"பாலத்துப் பக்கமாப் போனாருங்க. என்னையத் தேடி."

"எப்ப இருந்து காணோம்?"

சுவரில் கடிகாரம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைல இருந்துங்க சார்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, பொழுது இன்னும் நல்லா ஏறக்கூட இல்ல. அதுக்குள்ள என்ன அவசரம்? சாயங்காலம் வரைக்கும் பாரு. ஆம்பள எங்கிட்டாவது போயிருப்பாரு, வந்துருவாரு."

"வரமாட்டாருங்க" என்றாள் ஒச்சம்மா. "நீங்க எழுதிக்கங்க."